சால்வைக்குப் போன நேரம்

சென்ற பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்று பத்து. மேகம் இல்லை, காற்று இல்லை, தை மாதத்தில் அடிக்கக் கூடாத வெயில். திண்டிவனம் ரயில் நிலையத்தில் நான் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலுடன் நின்றுகொண்டிருந்தேன். ரயில் பதினேழு நிமிடம் தாமதம்.

எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் அந்த ரயிலில் வந்துகொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தாறு வயது, எனக்கு எழுபத்திரண்டு. முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் எழுதியதை எல்லாம் படித்திருக்கிறேன், ஆனால் நேரில் பார்த்ததில்லை. அவருடைய பழைய நாவல் ஒன்று புதிய பதிப்பாக வந்திருந்தது. அதன் வெளியீட்டு விழாவைச் செஞ்சியில் நடத்த எங்கள் வாசகர் வட்டம் முடிவு செய்தது. வட்டத்தில் பதினோரு பேர். நான் பொருளாளர். நெடுஞ்சாலைத் துறையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எங்கே போனாலும் அந்த வேலைதான் என் தலையில் விழும்.

படத்தில் பார்த்ததைவிட எழுத்தாளர் அம்மா குள்ளமாக இருந்தார். ஒரே ஒரு பை. அதை என்னிடம் கொடுக்க மறுத்துவிட்டார். காரில் ஏறியதும் என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

“ஓ, நீங்கதானா அது? பக்க எண் எல்லாம் போட்டு லெட்டர் எழுதுவீங்களே! பன்னிரண்டாம் அத்தியாயத்துல புருஷன் போய் ஒன்பது வருஷம்னு இருக்கு, முப்பதாம் அத்தியாயத்துல எட்டு வருஷம்னு இருக்கு, எது சரின்னு கேட்டது நீங்கதானே?”

“ஆமாம்மா. தப்பா எடுத்துக்கலியே?”

“தப்பு என்னோடது. புதுப் பதிப்புல ஒன்பதுன்னு திருத்திட்டேன். பாருங்க.”

முன்சீட்டில் இருந்த டிரைவர் சிரித்தார். “எங்க சார் அப்டித்தாம்மா. டீக்கடையில கிளாஸ எண்ணிட்டுத்தான் உக்காருவாரு.”

வண்டி ஊரைத் தாண்டியதும் நான் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டேன். கேட்க என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. பள்ளிப் பிள்ளை மாதிரி தடுமாறித்தான் கேட்டேன். நாவலின் கடைசிக் காட்சியைப் பற்றிய கேள்வி. ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வரும் கணவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே அவள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் மறுபடி தட்டுகிறான். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. கதை அங்கே முடிகிறது. அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா?

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வழியில் மணிலாக் கடலைப் பயிர் ஒருபுறம், மொட்டைப் பாறை ஒருபுறம்.

“இத்தனை வருஷத்துல நிறைய பேர் கேட்டாச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்கு மேடையில அதைப் பத்தித்தான் பேசப்போறேன். ரயில்ல வரும்போது முழுக்க அதையேதான் மனசுல சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தேன். வண்டியிலயே உங்ககிட்ட சொல்லிட்டா அங்க வேகம் போயிடும். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குவீங்கதானே?”

“பொறுத்துக்குவேன்மா” என்றேன். முப்பது வருடம் பொறுத்தவனுக்கு மூன்று மணி நேரம் பெரிதாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்வி என்னுடையது மட்டும் அல்ல. நாவல் வார இதழில் தொடராக வந்தபோது நானும் என் மனைவியும் சேர்ந்து படித்தோம். நாற்பத்தொரு வாரம். அப்போது எனக்குக் கடலூர்ப் பக்கம் வேலை. சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து வருவேன், திங்கள் விடியலில் போய்விடுவேன். இதழை அவள் முதலில் படித்துவிட்டு எனக்காக வைத்திருப்பாள். கடைசி வாரம் வந்ததும் எங்களுக்குள் சண்டை ஆரம்பித்தது.

“பாவம், சத்தம் காதுல விழலை” என்றேன் நான். “முறம் புடைக்கிற சத்தத்துல எப்படி விழும்?”

“விழாம இன்னா? நல்லாத்தான் விழுந்துது” என்றாள் அவள். “எழுந்திரிக்கல. அவ்ளோதான்.”

“ஏன் எழுந்திரிக்கல?”

“ஏன் எழுந்திரிக்கணும்?”

ஊரில் யாராவது அந்த எழுத்தாளரைப் பற்றிப் பேசினால் போதும், இந்தச் சண்டை வந்துவிடும். சிரித்துக்கொண்டுதான் போடுவோம். ஆனால் ஒரு முறை, அவள் சிரிக்காமல், குழம்பைத் தாளித்துக்கொண்டே, “நானா இருந்தாலும் எழுந்திரிக்க மாட்டேன்” என்றாள். எனக்கு அது மறக்கவில்லை. சனிக்கிழமைகளில் நான் தட்டியதும் பெரும்பாலும் உடனே திறப்பாள். சில வாரம் கொஞ்சம் நேரம் ஆகும். பின்கட்டில் வேலையாக இருந்திருப்பாள் என்றுதான் நான் நினைத்து வந்தேன். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. இனி அவளிடம் கேட்க முடியாது. எழுதியவரிடம் கேட்கலாம். கதவு தட்டியது காதில் விழவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. விழுந்தது என்றால், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இனி சால்வைக் கதையைச் சொல்ல வேண்டும். அந்த யோசனை வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது.

கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலைப் பிடித்தாயிற்று. மைக், கார், அழைப்பிதழ், டீ, போண்டா என்று செலவு ஏறியது. புத்தகம் என்றால் கடை வீதியில் யாரும் காசு எடுப்பதில்லை. உரக்கடைக்காரர் நேராகவே கேட்டார்: “குடுக்கறேன் சார். ஆனா மேடையில எனக்கு இன்னா வேலை?” அப்போது என் வாயில் வந்ததுதான்: “நீங்க எழுத்தாளருக்குச் சால்வை போர்த்தலாம். பேர் சொல்லிக் கூப்பிடுவோம்.” அவர் உடனே ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்தார். விஷயம் பரவியது. அனந்தபுரத்து அரிசி ஆலைக்காரர், அடகுக் கடைக்காரர், ஸ்கேன் சென்டர் வைத்திருப்பவர், தொண்டூரில் இருந்து பால் சங்கத்துக்காரர் என்று முப்பத்து நான்கு பேர். நாமே சால்வை வாங்கிக் கொடுத்துவிடலாம், இல்லையென்றால் ஒருவர் பட்டும் ஒருவர் துண்டும் கொண்டுவந்து மனத்தாங்கல் ஆகும் என்று நான்தான் ஒரே ரகமாக ஆரணியில் போய் வாங்கி வந்தேன்.

நேரக் கணக்கும் போட்டேன். வீட்டில் நாற்காலிக்கு ஒரு சால்வையைப் போர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு வினாடி. மேடை ஏற, படம் எடுக்க, இறங்க என்று சேர்த்து ஒருவருக்கு அரை நிமிடம். மொத்தம் பதினேழு நிமிடம். கைகாவலுக்கு மூன்று நிமிடம் கூட்டி இருபது என்று நிகழ்ச்சி நிரலில் எழுதினேன். அம்மா பேச ஐம்பது நிமிடம் வைத்தேன். ஆறரைக்குக் கிளம்பினால் திண்டிவனத்தில் அவருக்குத் திரும்பும் ரயில்.

நாற்காலி ஆணா பெண்ணா என்று நான் யோசிக்கவில்லை.

நான்கு மணிக் கூட்டம் நாலே முக்காலுக்குத் தொடங்கியது. எண்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். எங்கள் வட்டத்தின் தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வரவேற்புரையில் செஞ்சிக் கோட்டையை முதல் கல்லில் இருந்து கட்ட ஆரம்பித்தார். அவர் கோட்டையை முடித்துக் கீழே இறங்க இருபது நிமிடம் ஆயிற்று. அதை நான் ஓரளவு எதிர்பார்த்திருந்தேன். புத்தகம் வெளியிட்டார்கள். பிறகு தொகுத்து வழங்கிய பள்ளி ஆசிரியை உரக்கடைக்காரரின் பெயரை வாசித்தார். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார். நான் தட்டில் இருந்த சால்வையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“சார், இன்னா சார் இது? நான் எப்டி அந்தம்மாவுக்குப் போத்தறது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஆண் ஒரு பெண்ணின் தோளில் சால்வை போர்த்துவது இல்லை. ஆண் எழுத்தாளர்களுக்கே விழா எடுத்துப் பழகிய எனக்கு அது தோன்றவே இல்லை.

“கையில குடுத்துடுங்களேன்” என்றேன்.

“கையில குடுத்தா போட்டோல கொரியர் குடுக்க வந்தவன் மாரி இருக்கும். லேடீஸ் யாராச்சும் போத்தட்டும், நான் பக்கத்துல நிக்கறேன்.”

ஆசிரியை மைக்கை வைத்துவிட்டு வந்து போர்த்தினார். உரக்கடைக்காரர் சால்வையின் ஒரு நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். போட்டோகிராபர் கையை ஆட்டினார்: “டீச்சர், நீங்க மறைக்கறீங்க. கொஞ்சம் தள்ளிக்கங்க. அண்ணே, நுனியத் தூக்கிப் புடிங்க. அம்மா, இங்க பாருங்க. இன்னொண்ணு!” பிறகு ஆசிரியை மைக்குக்குத் திரும்பிப் போய் அடுத்த பெயரை வாசித்தார். அடுத்தவருக்கு மறுபடி மைக்கை வைத்துவிட்டு வந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்.

சிலர் மனைவியை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் நேரம் ஆயிற்று. பின்வரிசையில் இருந்து எழுந்து, குழந்தையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, செருப்பைக் கழற்றி ஏறி வந்தார்கள். அரிசி ஆலைக்காரர் பெயர் வந்தபோது, தன் மனைவிதான் போர்த்த வேண்டும், அவர் வழியில் இருக்கிறார் என்றார். யாரோ போன் போட்டுக் கேட்டார்கள்.

“பொடவை கட்டிக்கினு இருக்குதாம்” என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. ஹால் சிரித்தது. ஆலைக்காரரும் சிரித்தார். ஆனால் இறங்கவில்லை.

நான் தலைவர் காதில், “சார், மீதிப் பேரை மொத்தமா மேடைக்குக் கூப்பிட்டு ஒரே போட்டோ எடுத்துடலாமா?” என்று கேட்டேன்.

“காசு வாங்கனது நீங்க. தனித்தனியாக் கூப்புடறேன்னு சொன்னதும் நீங்க. பேரு படிக்கலன்னா நாளைக்கி பஜார்ல நடக்க முடியுமா? பேசாம தட்டப் புடிங்க.”

பிடித்தேன். அதுதான் நான் செய்தது. ஆசிரியையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். மைக்கை வாங்கி நானே, ஐயா, அம்மா பேசட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று கும்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் பாதிப் பேராவது ஒத்துக்கொண்டிருப்பார்கள். கெட்டவர்கள் யாரும் இல்லை. ஆனால் முப்பத்து நான்கு பேரிடம் வாக்குக் கொடுத்தவன் நான் என்பது மட்டும்தான் அப்போது மண்டையில் ஓடியது. காரில் அம்மாவிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தேன் என்பது ஓடவில்லை.

அம்மா ஒவ்வொரு சால்வையையும் கும்பிட்டு வாங்கி, படம் எடுத்ததும் தோளில் இருந்து எடுத்து என்னிடம் தருவார். நான் அதைப் பக்கத்து நாற்காலியில் அடுக்குவேன். மின்விசிறி அவர் பக்கம் எட்டவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை. ஒரு கட்டத்தில் என் பக்கம் குனிந்து, “இன்னும் எத்தனை?” என்றார்.

“பதினாலும்மா.”

“சரியாச் சொல்றீங்களே” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்குமோ என்னவோ. அடுக்கிய சால்வை நாற்காலியின் சாய்மானத்தைத் தாண்டியபோது, “இவ்வளவு குளிருமா உங்க ஊர்ல?” என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தோம்.

கடைசிச் சால்வை விழும்போது மணி ஆறு இருபத்தாறு. டிரைவர் ஹால் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஆசிரியை, “இப்போது நாம் அனைவரும் ஆவலுடன் எதிர்பார்த்த ஏற்புரை” என்றார். அம்மா எழுந்து மைக்குக்கு முன்னால் நின்றார். ஹாலைப் பார்த்தார். பின்வரிசையில் பாதி காலி. சால்வை போர்த்தியவர்கள் பலர் போண்டா வாசனையைப் பிடித்துக்கொண்டு கீழே போயிருந்தார்கள்.

“எல்லாருக்கும் நன்றி. இந்த நாவல்ல கடைசியா ஒரு கதவு வரும். அந்தக் கதவைப் பத்திச் சொல்லணும்னுதான் இன்னிக்கு இங்க வந்தேன்.” தண்ணீர் குடித்தார். “ஆனா அது நாலு நிமிஷத்துல சொல்ற விஷயம் இல்ல. அவசரமாச் சொன்னா தப்பாயிடும். நீங்க எல்லாரும் அன்பா இருந்தீங்க. அது போதும்.” கும்பிட்டுவிட்டு இறங்கினார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சரி, இன்னும் முக்கால் மணி நேரக் கார்ப் பயணம் இருக்கிறதே என்று நினைத்தேன். இனி மேடைக்கு மிச்சம் வைக்க வேண்டியது இல்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் ஓடினேன் என்றே சொல்லலாம். காரில் பின்சீட்டில் அம்மாவும், பக்கத்தில் அரிசி ஆலைக்காரரின் மனைவியும் இருந்தார்கள். அவருக்குத் திண்டிவனத்தில் அக்கா வீடாம். முன்சீட்டில் தலைவர்.

பையை உள்ளே வைத்தேன். “நானும் வரேன் சார்.”

“நீங்க எங்க சார் வர்றது? மண்டபத்துக்காரன் சாவியப் புடிச்சிக்கினு நிக்கறான், மைக் செட்டுக்காரன் காசு கேக்கறான். பொருளாளர் இல்லாம யாரு செட்டில் பண்றது?”

நான் வாய் திறக்கும் முன் அம்மா பேசினார். “சார், அந்தச் சால்வை எல்லாம் நான் எங்க எடுத்துட்டுப் போறது? இங்கயே யாருக்காவது குடுத்துடுங்க. உங்களுக்கு நான் ஒரு கடன் பாக்கி வச்சிருக்கேன், தெரியும். போன் பண்ணுங்க.”

கார் போய்விட்டது. நான் மாடி ஏறி மண்டபத்துக்காரரிடம் சாவிக்குக் கையெழுத்துப் போட்டேன். டீ கிளாஸ் எண்ணினேன்; ஆறு குறைந்தது.

பதினோரு நாள் பொறுத்து, அவர் ஓய்வாக இருக்கும் நேரம் விசாரித்து, காலை பத்து மணிக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தார். உடம்பு எப்படி என்று கேட்டார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“சார், அது எங்க வீட்டுக் கதவு. தட்டினது எங்கப்பா. உள்ள இருந்தது எங்கம்மா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், எனக்குப் பத்து வயசு. அவங்களுக்குக் கேட்டுதா இல்லியான்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு உங்க ஊருக்கு வரும்போது, போகட்டும், எழுபத்தாறு வயசாயிடுச்சு, யாருன்னே தெரியாத ஜனங்க முன்னால சொல்லிடலாம்னு ஒரு தைரியம் இருந்தது. திரும்பிப் போகும்போது அது இல்ல.”

“இன்னொரு கூட்டம் வைக்கலாம்மா. ஒரு சால்வைகூடக் கிடையாது. நீங்க மட்டும்தான் பேசுவீங்க.”

“வேண்டாம் சார். அது மறுபடி வராது. எனக்கே தெரியுது.”

“கேட்டுதா, கேக்கலியா, அது மட்டும் சொல்லுங்கம்மா.”

“மட்டும்னு சொல்ல முடியாது. அப்படிச் சொன்னா எங்கம்மாவைத் தப்பா நினைப்பீங்க, இல்லாட்டி எங்கப்பாவை. உங்க வீட்டம்மா படிச்சாங்களா?”

“படிச்சா. கேட்டுது, எழுந்திரிக்கலன்னு சொன்னா.”

“நீங்க?”

“கேக்கலன்னு சொன்னேன்.”

“அவங்களையே நல்லாக் கேட்டிருக்கலாமே சார், ஏன் அப்படிச் சொல்றேன்னு” என்றார். அவள் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்பட்டு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவார், அது உண்மையா என்று பிறகு நான் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

சால்வைகளைச் சீயமங்கலம் போகும் வழியில் ஒரு செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

போன வாரம் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் வரவு செலவைப் படித்தேன். வரவு முப்பத்து நாலாயிரம். செலவு அதற்கு மேல். குறைந்ததைப் பதினோரு பேரும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று தலைவர் பெரிய மனதோடு சொன்னார். விழா நன்றாக நடந்தது, இப்படி ஒரு கூட்டம் செஞ்சியில் நடந்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நான் பங்கு வேண்டாம் என்றேன். ஐம்பது நிமிடத்தை இழந்தது அவர்கள் யாரும் இல்லை. அது என் கேள்வி, என் யோசனை, நான் நீட்டிய தட்டு. பற்றாக்குறையை என் ஓய்வூதியத்தில் இருந்து எடுத்துக் கட்டிவிட்டேன்: ஆறாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.